லிஃப்ட் செய்த வண்டியில் காயில் ஸ்பிரிங் ஏன் கழல்கிறது, எந்த முனையைக் கட்டலாம்

ஐந்து கதவு மாருதி சுஸுகி ஜிம்னியை மூன்று அங்குலம் உயர்த்தி, அதற்கென்று நீளமான ஷாக் அப்சார்பர்களையும் போட்டிருக்கிறீர்கள். பாறையில் ஒரு சக்கரம் ஏறி மறுபக்கச் சக்கரம் தொங்கும்போது, பின்பக்க இடது காயில் ஸ்பிரிங் மேல் கிண்ணத்தை விட்டு விலகுகிறது. சென்ற முறை அது திரும்பி வந்து உட்காராமல் கிண்ணத்தின் விளிம்பில் ஏறி நின்றுவிட்டது. ஒரு பட்டறையில் மேலும் கீழும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் கடைசிச் சுற்றைக் கிண்ணத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் உங்களுக்குப் பயன் இராது, ஏனென்றால் ஸ்பிரிங்கை எதனால் கட்டுவது என்பதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஸ்பிரிங் எட்டாத ஆழத்துக்கு, சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சில் ஏன் இறங்குகிறது?

நான் ஸ்பிரிங் செய்யும் ஆலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். அதன் பிறகு பொள்ளாச்சிப் பக்கம் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உரியவற்றை நீங்கள்தான் அளக்க வேண்டும், அளக்கும் முறையையும் சொல்கிறேன்.

கம்பெனியிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகளில் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கக் கட்டு எதுவும் கிடையாது. மேலே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு கிண்ணம், கீழே ஆக்சிலில் ஒரு கிண்ணம், நடுவே ரப்பர் வைத்து ஸ்பிரிங். வண்டியின் எடைதான் அதை அங்கே இருத்தி வைக்கிறது. சக்கரம் முழுவதும் தொங்கினாலும் ஸ்பிரிங் கொஞ்சமாவது அமுங்கியே இருக்க வேண்டும் என்பதற்காக, ஆக்சில் எவ்வளவு இறங்கலாம் என்பதை ஷாக் அப்சார்பரின் நீளத்தைக் கொண்டு நிறுத்தியிருப்பார்கள். ஷாக் முழுவதும் நீண்டதும் ஆக்சில் அதற்கு மேல் இறங்காது. அதாவது ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குவதோடு ஸ்பிரிங்கைக் காக்கும் காவலாளாகவும் இருக்கிறது. நீளமான ஷாக் போட்ட நாளிலேயே அந்தக் காவலை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். கழன்றது ஸ்பிரிங்கின் குற்றமன்று.

சக்கரம் தன் இயல்பு நிலையிலிருந்து கீழே இறங்கக்கூடிய அளவை இங்கே தொங்கல் என்று குறிக்கிறேன். பின்பக்கம் ஒரு ஸ்பிரிங்கின் மேல் 250 கிலோ உட்காருகிறது என்றும், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2.5 கிலோ வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி சமதரையில் நிற்கும்போது அந்த ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் ஆக்சில் 100 மி.மீ. இறங்கும் வரைதான் ஸ்பிரிங் இரண்டு கிண்ணங்களையும் தொட்டுக்கொண்டிருக்கும். 101-வது மில்லிமீட்டரில் அது தளர்ந்துவிடும். இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். லிஃப்ட் கிட்டில் வரும் ஸ்பிரிங் பெரும்பாலும் நீளமானது மட்டுமன்று, விறைப்பானதும்கூட. முன்னால் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி), பின்னால் கேரியர், கூரையில் கூடாரம் என்றெல்லாம் ஏற்றுபவர்களை மனத்தில் வைத்துச் செய்திருப்பார்கள். அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 3.5 கிலோ என்றால், அதே 250 கிலோவுக்கு அது ஏறத்தாழ 71 மி.மீ. மட்டுமே அமுங்கும். வண்டி உயர்ந்து நிற்கிறது, ஸ்பிரிங் பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது தளர்வதற்கு முன் இறங்கக்கூடிய தொலைவு முன்பைவிடக் குறைந்துவிட்டது. அதே நாளில் ஷாக்கையும் நீளமாக்கினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சாமான் ஏற்றாமல் காலியாக ஓட்டும் வண்டியில் இந்த முரண்பாடு இன்னும் கூடும்.

ஆக்சில் இருபக்கமும் ஒன்றாக இறங்காமல் சாயும்போது கணக்கு சற்று மாறுகிறது, ஏனென்றால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ., ஸ்பிரிங்குகளுக்கு இடையே 900 மி.மீ. என்று கொள்வோம். வலது சக்கரம் 70 மி.மீ. மேலே ஏறி, இடது சக்கரம் 180 மி.மீ. கீழே இறங்கினால், இடது ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ஆக்சில் இறங்குவது 135 மி.மீ. மட்டுமே. முதல் ஸ்பிரிங்காக இருந்தால் 35 மி.மீ. இடைவெளி விழும், விறைப்பான ஸ்பிரிங்காக இருந்தால் 64 மி.மீ. இடைவெளி விழும். கிண்ணத்தின் உதடு இதைவிட உயரம் குறைந்தது என்றால் ஸ்பிரிங் வெளியே நழுவ வழி திறந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு வண்டி செய்பவர்களே வெவ்வேறு விதமாகத் தீர்வு கண்டிருக்கிறார்கள். 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் இரண்டு திட ஆக்சில்களையும் நீண்ட ஆட்டமுள்ள காயில் ஸ்பிரிங்குகளின் மேல் வைத்தது. அந்த வழியில் வந்த டிஃபெண்டரின் பின்பக்கத்தில், ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றை ஒரு தகடு வைத்து ஆக்சிலோடு போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். மேல்முனை கட்டில்லாமல் கிண்ணத்தில் பொருந்தி நிற்கும். நீளமான ஷாக் போட்டு அந்த மேல்முனை விலகத் தொடங்கியதும், மேல் கிண்ணத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் கூம்பு ஒன்றைப் பொருத்தும் பழக்கம் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களிடையே பரவியது. ஸ்பிரிங் கழன்று இறங்கினாலும் கூம்பு அதன் உள்ளேயே இருக்கும். ஆக்சில் மேலே வரும்போது ஸ்பிரிங் கூம்பின் சரிவில் வழுக்கித் தன் இடத்துக்குப் போய்விடும். 1997 முதல் 2006 வரை வந்த டிஜே வகை ஜீப் ராங்லரின் முன்பக்கத்திலும் கீழ் முனையை ஒரு சிறு தகட்டால் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். மேலே, ஆக்சில் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் ஸ்பிரிங்கின் உள்ளே இறங்கியிருப்பதால் அதுவே பாதி வழிகாட்டி. இரண்டு இடங்களிலும் கட்டப்பட்டது ஒரு முனைதான் என்பதைக் கவனியுங்கள்.

தளர்ந்த ஸ்பிரிங் என்ன செய்யும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. முதலில் அது தன் அச்சில் சுழலும். கம்பியின் முனை கிண்ணத்தில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். சுழன்றதும் அந்த முனை படியின் மேல் ஏறி ரப்பரைக் கிழிக்கும், அந்தப் பக்கம் வண்டி சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அடுத்து அது பக்கவாட்டில் சாயும். சாய்ந்தபடியே அமுங்கினால் நடுச்சுற்றுகள் வெளியே வளைந்து பிரேக் ஹோஸையோ ஷாக்கையோ உரசும். என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்ட ஒரு வண்டியில், கிண்ணத்தின் வெளி உதட்டில் ஏறி நின்ற ஸ்பிரிங் ஹோஸின் வெளி ரப்பரை நெடுக்காகச் சீவி, உள்ளிருந்த நூல் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. ஓட்டியவர் அந்த நிலையில் மலையிறங்கி வந்திருக்கிறார். அவருக்குக் கேட்டதெல்லாம், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னாலிருந்து வந்த ஒரு "டொக்" மட்டும்தான். உங்களுக்கும் அந்த ஒலி கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங் விலகித் திரும்பி உட்காரும் ஒலி அது.

இப்போது இரு முனைகளையும் கட்டும் யோசனை. இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது: கட்டிய ஸ்பிரிங் தொங்கும் ஆக்சிலை மேலே இழுக்கும், அதே விசையால் அந்தப் பக்க உடலைக் கீழே இழுக்கும், அதனால் பக்கச் சரிவில் வண்டி சற்றே அடங்கி நிற்கும். பாறை ஏறும் போட்டி வண்டிகளில் முன் ஆக்சிலை வின்ச் கயிற்றால் சேசிஸை நோக்கி இழுத்துப் பிடிப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். ஆனால் அந்த வேலையை வின்ச் கயிறு செய்வது வேறு, அமுங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று செய்வது வேறு. இருபுறமும் கட்டிவிட்டால், ஷாக் முழுவதும் நீள்வதற்கு முன்பே ஆக்சிலின் இறக்கத்தைத் தடுத்து நிறுத்துவது ஸ்பிரிங்கும் அந்தக் கிளிப்பும்தான். வண்டி அசையாமல் நிற்கும்போது அங்கே வரும் இழுவை, தொங்கும் சக்கரம் மற்றும் பாதி ஆக்சிலின் எடையளவுதான். வேகத்தோடு ஒரு பள்ளத்தில் சக்கரம் விழும்போது அது பல மடங்காகிவிடும்.

ஆலையில் வேலை செய்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கைச் சுற்றிப் பதப்படுத்திய பிறகு அதை அளவுக்கு மீறி ஒருமுறை அமுக்கி விடுவோம். அப்போது கம்பியின் வெளிப்பகுதியில், பின்னால் வரப்போகும் சுமைக்கு எதிர்த்திசையில் ஓர் உள்ளழுத்தம் தங்கிவிடுகிறது. வண்டியில் பொருத்தி எடை ஏறும்போது அந்த உள்ளழுத்தம் சுமையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவதால் ஸ்பிரிங்கின் ஆயுள் கூடுகிறது. அதே ஸ்பிரிங்கை இழுத்தால் கழிக்க வேண்டியது கூட்டலாகிவிடும். இழுவையால் ஸ்பிரிங்கின் உடற்பகுதி உடனே உடைந்துவிடும் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். நீங்கள் இழுக்கும் அளவு சிறியது. உண்மையான ஆபத்து கட்டிய இடத்தில்தான். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் கம்பி முறுக்கோடு வளைவையும் தாங்க வேண்டி வருகிறது. அதோடு கிளிப்பின் உலோகம் கம்பியின் பெயின்டை உரசி எடுத்து, சேறும் நீரும் அங்கே தங்கி, துரு பிடிக்கிறது. ஸ்பிரிங் கம்பியில் விரிசல் தொடங்குவதற்குத் துருக்குழி ஒன்று போதும்.

இதை ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில் என் சொந்த வண்டியில் நானே இருபுறமும் ஹோஸ் கிளிப் போட்டேன். ஒரு மழைக்காலம் கழிந்து, வீட்டு வாசலில் நின்றிருந்த வண்டி ஒருநாள் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கீழே குனிந்து பார்த்தால், கீழ்க் கிளிப்பின் விளிம்பை ஒட்டியே கம்பி முறிந்திருந்தது. முறிந்த முகம் கம்பிக்குக் குறுக்காக இல்லாமல் ஏறத்தாழ 45 பாகை சாய்வில், முறுக்கிப் பிளந்தது போல் இருந்தது. அதன் ஓரத்தில், கிளிப் உரசிய இடத்தில், சிறிதாகப் பழுப்பான ஒரு பகுதி. மற்றதெல்லாம் புதிதாக உடைந்த சாம்பல் நிறப் பளபளப்பு. விரிசல் பல வாரங்களாக வளர்ந்திருக்கிறது, மீதிக் கம்பி ஒரே இரவில் விட்டிருக்கிறது. ஆலையில் மற்றவர்களின் ஸ்பிரிங்கில் நூறு தடவை பார்த்த முகத்தை என் வண்டியில் பார்க்க வேண்டியிருந்தது.

வெல்டிங் வைப்பதைப் பற்றி விவாதமே தேவையில்லை. ஸ்பிரிங் எஃகு கார்பன் கூடியது, பதப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூடு பட்டு உடனே ஆறும் இடம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும், அதை அடுத்துள்ள இடம் பதம் இழந்துவிடும். நேரடியாக வெல்டிங் வைப்பது மட்டுமன்று. பக்கத்தில் வேறெதற்கோ வெல்டிங் வைக்கும்போது தெறிக்கும் பொறி ஒன்று கம்பியில் ஒட்டினாலும், எர்த் கிளாம்பை ஸ்பிரிங்கில் மாட்டினாலும் இதே கேடுதான். சேசிஸில் எந்த வெல்டிங் வேலை செய்தாலும் ஸ்பிரிங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். கம்பியில் துளை போடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. கேபிள் டை போடுவது இவற்றைப்போலத் தீங்கானது அன்று. ஆனால் அது ஸ்பிரிங் சுழலாமல் சில நாள் தடுக்குமே தவிர வேறெதற்கும் உதவாது, கம்பியின் முனை அதை அறுத்துவிடும்.

எனவே முதலில் அளந்துவிடுங்கள். வண்டியின் சேசிஸைத் தூக்கி இருபுறமும் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பின்சக்கரங்களைக் கழற்றி ஆக்சிலைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும் வரை ஏற்றுங்கள். மறுபக்கம் ஷாக் முழுவதும் நீளும் வரை இறங்கட்டும். இறங்கிய பக்கத்தில் மேல் ரப்பரின் அடிப்பகுதியிலிருந்து கீழ்க் கிண்ணத்தின் தளம் வரை டேப் பிடித்து அளவெடுங்கள். பிறகு ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் நிறுத்தி அதன் நீளத்தை அளங்கள். கிண்ணங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஸ்பிரிங்கின் நீளத்தைவிட 10 முதல் 15 மி.மீ. குறைவாக இருந்தால் கட்டு எதுவும் தேவையில்லை. அந்த 10, 15 என்பது என் கை வழக்கம், சட்டமன்று. தொலைவு கூடுதலாக இருந்தால் அந்த வேறுபாடுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய எண். இதை நான்கு மூலைக்கும் செய்யுங்கள். வலதும் இடதும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நிலையிலேயே பிரேக் ஹோஸ் விறைத்திருக்கிறதா, ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

வேறுபாடு சிறியது, 20 மி.மீ.க்குள் என்றால், ஆக்சிலை அந்த அளவுக்கு முன்பே நிறுத்திவிடுவதுதான் நான் எப்போதும் பரிந்துரைப்பது. முழு நீளம் அந்த அளவு குறைந்த ஷாக் கிடைத்தால் அதைவிட எளிய தீர்வு இல்லை. கிடைக்காவிட்டால், பல அடுக்கு நைலான் நாடாவால் ஆன லிமிட் ஸ்ட்ராப்பைச் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே போடலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நாடா சுமையில் நீளும், அடிக்கு ஓர் அங்குலம் வரைகூட; அதனால் வேண்டிய நீளத்தைவிடக் குறைத்தே வாங்க வேண்டும். அடுத்து, ஆக்சிலின் நடுவில், டிஃபரன்ஷியலுக்கு மேல் ஒற்றை நாடா போட்டால் இரு சக்கரமும் ஒன்றாகத் தொங்கும்போது அது பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் சாயும்போது பிடிக்காது. உங்கள் சிக்கல் ஒரு பக்கம் சாய்வதில்தான் வருகிறது, ஆகவே நாடா ஸ்பிரிங்குக்கு அருகில், இருபுறமும் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கையே மாற்றுவது இன்னொரு வழி. விறைப்புக் குறைந்து நீளம் கூடிய ஸ்பிரிங் அதே உயரத்தைக் கொடுத்துக்கொண்டே கூடுதலாக அமுங்கியிருக்கும். அதனால் கூடுதலாக இறங்கும் வரை தளராது. வண்டியில் பெரிய பாரம் நிரந்தரமாக இல்லையென்றால் விறைப்பான ஸ்பிரிங் உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய சுற்றுகள் உள்ள இரட்டை விறைப்பு ஸ்பிரிங்கும் உண்டு: வண்டி நிற்கும்போது அந்த மெல்லிய சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், சக்கரம் தொங்கும்போது விரிந்து மீதி ஸ்பிரிங்கை இருக்கையில் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பந்தய வண்டிகளில் தனியாகச் செருகும் தட்டைக் கம்பித் துணை ஸ்பிரிங்கும் இதே வேலைக்குத்தான். ஜெர்மனியில் வாகனத் தணிக்கையின்போது, சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் ஸ்பிரிங்கில் சிறிது அமுக்கம் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதற்கே பலர் இத்தகைய ஸ்பிரிங் போடுகிறார்கள்.

வேறுபாடு பெரியதாக இருந்து, அந்தத் தொங்கலை விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு மனமில்லை என்றால், அப்போதுதான் கட்டும் கூம்பும். கீழ் முனையை மட்டும் கட்டுங்கள். கீழ் முனை ஆக்சிலோடு போனால் ஸ்பிரிங் எங்கே நிற்கிறது என்பது உறுதியாகத் தெரியும், மேல்முனைக்கு வழிகாட்டினால் போதும். 5 அல்லது 6 மி.மீ. இரும்புத் தகட்டில் கடைசிச் சுற்றின் மேல் ஏறி உட்காரும்படி நாக்கு ஒன்று வெட்டி, கிண்ணத்தில் துளையிட்டு 8 மி.மீ. போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போடுங்கள். தகடு கம்பியை நசுக்கக் கூடாது. இடையே பழைய ரேடியேட்டர் ஹோஸிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு வைத்து, ஸ்பிரிங் எழும்ப முடியாத அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். அமுங்கும்போது ஸ்பிரிங்கின் முனை சற்றே சுழல விரும்பும், அதற்கு இடம் விடுங்கள். தகடு அழுத்த வேண்டியது இருக்கையில் படிந்து கிடக்கும் செத்த சுற்றைத்தான். வேலை செய்யும் சுற்றைத் தொட்டால் என் வண்டியில் நடந்ததே நடக்கும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் தகடு அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன விஷயத்தால் அழுகிய கிண்ணங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கூம்பின் உயரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முழுத் தொங்கலில் ஸ்பிரிங் கழன்று நிற்கும்போதும் கூம்பின் நுனி அதன் உள்ளே குறைந்தது 25 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே அளவெடுப்பில் 64 மி.மீ. இடைவெளி வந்தால் கூம்பு 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதே கூம்பு, சக்கரம் முழுவதும் மேலே வரும்போது கீழே எதிலும் இடிக்கவும் கூடாது. இடித்தால் சேசிஸில் பொருத்திய கூம்பே பம்ப் ஸ்டாப்பாகி, கிண்ணத்தைக் கிழித்துவிடும். அகலத்தில் ஸ்பிரிங்கின் உள்விட்டத்தைவிட 10 மி.மீ. அளவுக்குக் குறைத்துக் கடைசல் பிடித்தால் போதும். ரேஞ்ச் ரோவருக்கு விற்கும் கூம்பை வாங்கி ஜிம்னிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கடைசல் பட்டறையில் கெட்டி நைலான் உருளையில் செய்து வாங்குவதே மலிவு, அதில் உரசினால் ஸ்பிரிங்கின் பெயின்டும் போகாது.

கூம்பு போட்டும் ஸ்பிரிங் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்றால் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஜிம்னியில் ஆக்சிலை முன்பின்னாகப் பிடிப்பவை இரண்டு நீண்ட கைகள், பக்கவாட்டில் பிடிப்பது ஒரு பான்ஹார்டு ராடு. வண்டியை உயர்த்தியதும் அந்தக் கைகளின் கோணம் மாறி, ஆக்சில் சற்றே புரண்டு, கீழ்க் கிண்ணமும் அதோடு சாய்கிறது. பான்ஹார்டு ராடு ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. வண்டி சமதரையில் நிற்கும்போதே ஸ்பிரிங் வாழைக்காய் போல் வளைந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். வளைந்திருந்தால் திருத்தப்பட்ட புஷ் (கைகளின் முனை பொருந்தும் ரப்பர் வளையம்), நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு ஆகியவற்றை முதலில் போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரு பின்சக்கரங்களில் இடதுபக்கம் மட்டும் கழல்வதாக நீங்கள் எழுதியிருப்பதால் இதை நான் வலுவாகவே ஐயுறுகிறேன், ஆனால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அவ்வளவு தொங்கல் உண்மையில் தேவையா என்பது கருத்து வேறுபாட்டுக்கு உரியது. உறுதியாகச் சொல்லக்கூடியது: ஸ்பிரிங் தளர்ந்த பிறகு அந்தச் சக்கரம் தரையை அழுத்துவது தன் எடையாலும் பாதி ஆக்சிலின் எடையாலும் மட்டுமே. வண்டியின் எடை அதன் மேல் இல்லை, பிடிமானமும் அதற்கேற்பக் குறைவு. ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறுசக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடு இருக்கும்போது, கடைசி 40, 50 மி.மீ. தொங்கலால் கிடைக்கும் பயன் படத்தில் அழகாக விழுவதுதான் என்பது என் கருத்து. டிஃப் லாக்கர் (இரு சக்கரமும் ஒன்றாகவே சுழலும்படி பூட்டும் கருவி) போட்டுப் போட்டிக்குப் போகும் நண்பர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே வண்டி திடீரென்று சாயாமல் மெல்லச் சாய்கிறது என்பார்கள். அவர்கள் பாதைக்கு அது சரியாக இருக்கலாம். திங்கட்கிழமை அதே வண்டியில் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு, தளராத ஸ்பிரிங் போதும்.

காட்டுவழியில் ஸ்பிரிங் கழன்றுவிட்டால் அதைக் கையால் தள்ளி உட்கார வைக்க முயலாதீர்கள். முழுவதும் தளர்ந்த ஸ்பிரிங்கால் ஆபத்தில்லை. பாதி அமுங்கி விளிம்பில் நிற்பதுதான் விரலை எடுக்கும். சேசிஸைத் தூக்கி ஆக்சில் முழுவதும் இறங்கி ஸ்பிரிங் ஆடும் நிலைக்கு வந்த பிறகு, கடப்பாரை முனையால் தள்ளிப் படியில் கம்பி முனை பொருந்தும்படி திருப்பி, மெல்ல இறக்குங்கள். பிறகு லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டால் ஆக்சிலைச் சேசிஸோடு சுற்றி, மேடேறும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேருங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. நீங்கள் செய்த லிஃப்ட் அதில் எவ்வளவு சிக்கும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது என் துறை அன்று.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடிந்ததும் வெள்ளை பெயின்டால் கடைசிச் சுற்றிலும் கிண்ணத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், மேலேயும் கீழேயும். முதல் 500 கிலோமீட்டரிலும், அதன் பிறகு ஒவ்வொரு முறை பாறைக்குப் போய் வந்த பிறகும், டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கீழ்க்கோடு விலகியிருந்தால் தகடு தளர்ந்திருக்கிறது. மேல்கோடு மட்டும் விலகியிருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குத் தெரியாமல் எங்கோ ஒருமுறை கழன்று, சுழன்று திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு மீண்டும் டேப்பை எடுத்து முழுத் தொங்கலில் இடைவெளியை அளந்தாக வேண்டும்.